பத்தே முக்காலுக்கு வெளியே போகிறவர்கள்

அத்தியாயம் 11

போன வியாழக்கிழமை அந்தப் பட்டியல் திரையில் வந்தபோது அனுசுயாவுக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. பெயர்களைப் படிக்கத் தொடங்கியதும் அது போய்விட்டது.

பதினொரு பேர். வேலை நேரத்தில் கேட் பாஸ் இல்லாமல் வெளியே போய், அரை மணிக்கு மேல் கழித்துத் திரும்பியவர்கள். முதல் பெயர் கருத்தம்மா, செக்கிங் பிரிவு. அனுசுயாவைப் பெற்றவள்.

சிவராஜின் பனியன் கம்பெனி கேட்டில் முகம் பார்க்கும் மிஷினை மாட்டி அப்போது மூன்று வாரம் ஆகியிருந்தது. அதற்குள் ஓடும் மென்பொருள் அனுசுயாவும் அவள் கூட்டாளி தரணியும் எழுதியது. அவர்களுடைய முதல் பெரிய வேலை. சிவராஜ் கேட்டதெல்லாம் அதில் இருந்தது. மணிக்கணக்கு வேண்டாம், ஷிப்ட் கணக்கில் காட்டுங்கள் என்றார், காட்டினாள். பிடிக்காத ஆளின் பெயரைத் தன் செல்போனிலிருந்தே நீக்க ஒரு பட்டன் வேண்டும் என்றார். அரை மணி நேரத்தில் வைத்துக் கொடுத்தாள்.

பட்டியலைப் பார்த்த சிவராஜ் கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உங்கம்மா பேர எடுத்துப்போடுங்க அம்முணி. மீதிப் பத்துப் பேரக் குடுங்க. பனியன் வாங்கற பையர் ஆளு ஆடிட்டுக்கு வர்றதுக்குள்ள கணக்கு முடிச்சு அனுப்பிச்சரலாம்."

அவர் அதை ஒரு உதவி என்று நினைத்துத்தான் சொன்னார். அனுசுயா ஒரு வாரம் கேட்டாள். அடுத்த வியாழக்கிழமை ஐந்து மணிக்குள் சரிபார்த்துத் தருகிறேன் என்றாள்.

அந்த வியாழக்கிழமை இன்று.

*

காலை ஏழே முக்கால். நெருப்பெரிச்சலில் இரண்டு அறை வாடகை வீடு. சமையலறை டிரம்மின் அடியில் சொம்பு உரசும் சத்தம் கேட்டது. கருத்தம்மா டிரம்மைச் சாய்த்துக் கடைசித் தண்ணீரை வழித்துக் குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"யம்மா, கடைசியாக் கேக்குறேன். அன்னைக்குப் பத்தே முக்காலுக்கு எங்க போன?"

"வேலையப் பாருத்தா."

"இன்னைக்கு அஞ்சு மணிக்குப் பேரு குடுக்கணும்."

"குடு. எம் பேரையும் சேத்தே குடு. என்னைய எடுத்துட்டுக் குடுத்தேன்னு தெரிஞ்சா அந்தப் பத்துப் பேரு மொகத்துல நான் எப்பிடி முழிக்க?"

அண்ணன் முனீஸ் வாசலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். அதே கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர்.

"பெங்களூர்ல நாலு வருசம் இருந்துட்டு வந்து பெத்தவளுக்கே மெமோ அடிக்கிற மிஷின் செஞ்ச ஆளு, இந்தத் திருப்பூர்ல நீ ஒருத்திதான்" என்றான்.

"நீதான சூப்பர்வைசர்? ஒனக்குத் தெரியாம எப்பிடி வெளிய போக முடியும்?"

முனீஸ் டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பைக் சாவியைத் தேடினான். சாவி அவன் கையில்தான் இருந்தது.

அனுசுயா லேப்டாப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். இந்த மென்பொருளை எழுதுவதற்கு முன் அவள் ஐந்து பேரிடம் பேசியிருந்தாள். ஓனர், மேனேஜர், சம்பளப் பட்டியல் போடுகிறவர், ஆடிட்டர், பையர் அனுப்பிய ஆள். பக்கம் பக்கமாகக் குறிப்பு எடுத்தாள். தினமும் அந்த மிஷினுக்கு முன்னால் நின்று முகத்தைக் காட்ட வேண்டிய நூற்று நாற்பது பேரில் ஒருத்தரிடமும் பேசவில்லை. இந்த வாரம்தான் அது உறைத்தது. உறைத்த பிறகு சும்மா இருப்பது அவளுக்கு வராது.

"நானும் வர்றேன். இன்னைக்குப் பூரா ஒங்க டேபிள் பக்கத்துலதான் இருப்பேன்" என்றாள் அம்மாவிடம்.

"இரு. தூசி அடிக்கும். மூக்கக் கட்டிக்க" என்றாள் கருத்தம்மா.

*

செக்கிங் பிரிவில் நீளமான டேபிள்கள். தைத்து வந்த பனியன்களை விரித்துப் போட்டு, பிசிறு நூலை வெட்டி, எங்காவது தையல் விட்டிருந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். கருத்தம்மா பதினேழு வருடமாக அதைச் செய்கிறாள். மூன்றாம் டேபிளில் அவளைத் தவிர இன்னும் நான்கு பேர். அதில் கமலாம்பாள் வயதில் மூத்தவள், உள்ளூர்க்காரி. ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த தேவிப்பிரியாவுக்கு ஏழு மாதம்.

அனுசுயா சுவர் ஓரமாக ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். யாரும் அவளிடம் பேசவில்லை. அவள் வருவதற்கு முன் பேசிக்கொண்டிருந்தார்கள் என்பது மட்டும் தெரிந்தது.

உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே ஒன்றைக் கவனித்தாள். பட்டியலில் இருந்த பதினொரு பேரும் மூன்றாம் டேபிள், ஐந்தாம் டேபிள் ஆட்கள். வேறு எங்கும் ஒருத்தர்கூட இல்லை. மென்பொருளில் யார் எந்த டேபிள் என்று குறிக்க இடமே வைக்கவில்லை. அதனால் இத்தனை நாளும் அது அவள் கண்ணில் படவில்லை.

பத்து நாற்பத்திரண்டுக்குக் கருத்தம்மாவின் இடுப்பில் போன் இரண்டு முறை அதிர்ந்து நின்றது. அவள் எடுத்துப் பார்க்கவில்லை. நூல் வெட்டும் கத்திரியைப் பாதி பார்த்த பனியன் கட்டின் மேல் குறுக்கே வைத்தாள். கமலாம்பாள் அந்தக் கட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். இன்னும் இரண்டு பேர் எழுந்தார்கள். அவர்களுடைய கட்டுகள் தேவிப்பிரியாவிடம் போயின.

மூன்று பேரும் கேட்டுக்குப் போய் வரிசையாக முகத்தைக் காட்டினார்கள். மிஷின் மூன்று முறை தேங்க் யூ சொன்னது.

அனுசுயா பின்னால் ஓடினாள். "யம்மா, நில்லு."

கருத்தம்மா நிற்கவில்லை. ஐம்பத்திரண்டு வயதில் அது நடையில்லை, ஓட்டம். அவர்கள் குடியிருக்கும் சந்துக்குள் திரும்பியதும் அனுசுயாவுக்குத் தெரிந்துவிட்டது. ஒவ்வொரு வாசலிலும் குடம், வாளி, டிரம். தெருக் குழாயில் தண்ணீர்.

நல்ல தண்ணீர். போர்வெல்லில் வருவது உப்புத் தண்ணீர். துணி துவைக்கலாம், வாயில் வைக்க முடியாது. ஆற்றுத் தண்ணீர் இந்தத் தெருவுக்கு ஒன்பது நாளுக்கு ஒரு தடவை முறை வைத்து வரும். காலையில் வரும். ஒரு மணி நேரம் இருக்கும்.

"வீரன் மிஸ்டு கால் குடுப்பாரு" என்றாள் கருத்தம்மா, குடத்தைக் குழாயடியில் வைத்துக்கொண்டே. "வால்வு தெறக்குறவரு. எனக்கு ஒன்னு, அஞ்சாம் டேபிள்ல ஒருத்திக்கு ஒன்னு. அவுக தெருவுக்கு வேற நாளு."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"எட்டு மாசமா எங்கூடத்தான இருக்க. காலையில குடிக்கிற காப்பித் தண்ணி எங்கிட்டு இருந்து வருதுன்னு நெனச்ச?"

அனுசுயா அதை நினைத்ததே இல்லை. டிரம் எப்போதும் நிறைந்திருந்தது. அவள் மொண்டுகொண்டாள். அவ்வளவுதான்.

"பேச்ச விடு. அந்தப் பச்சக் கொடத்த எடு. அது கமலாம்பா கொடம்."

மூன்று பேரும் சேர்ந்து ஐந்து வீட்டுக்கும் நிரப்பினார்கள். தேவிப்பிரியா வீட்டுக்குத்தான் முதலில். அனுசுயா பதினான்கு குடம் சுமந்தாள், எண்ணிக்கொண்டுதான் சுமந்தாள். பதினொன்று முப்பத்தொன்றுக்கு அம்மாவும் மற்ற இரண்டு பேரும் மறுபடியும் கேட்டில் முகத்தைக் காட்டியபோது, அவளுடைய மென்பொருள் நாற்பத்தெட்டு நிமிடம் என்று குறித்துக்கொண்டு, மூன்று பேருக்கும் அரை ஷிப்ட் கூலியை வெட்டியது.

*

டேபிளுக்குத் திரும்பியதும் கருத்தம்மா ஒரு அம்பு ஸ்டிக்கரை உரித்தாள். பனியனில் ஒட்டவில்லை. குனிந்து டேபிளின் அடியில் ஒட்டினாள். மற்ற இரண்டு பேரும் அப்படியே செய்தார்கள்.

அனுசுயா தரையில் உட்கார்ந்து செல்போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தாள். அடிப்பலகை முழுக்கச் சிவப்பு அம்புகள். ஐந்து வரிசை. பழைய அம்புகள் வெளுத்து ரோஸ் நிறத்துக்கு வந்திருந்தன.

"இதென்னங்க்கா?"

"கணக்குங்க அம்முணி" என்றாள் கமலாம்பாள். "போனவ ஒன்னு ஒட்டோணும். கம்மியா இருக்கறவ அடுத்த தண்ணிக்குப் போகோணும். ரெண்டு பேரு இருந்து போனவங்க கட்டப் பாக்கோணும். திரும்பி வந்தவங்க டீ டைம்ல ஒக்காராம எங்க கட்டப் பாத்துக் குடுத்துருவாங்க."

"யாரும் ஏமாத்த மாட்டாங்களா?"

"ஏமாத்துனா அவ ஊட்டுக் கொடந்தான காலியாக் கெடக்கும்."

ஒரு வரிசை நடுவில் நின்றுபோயிருந்தது. தேவிப்பிரியாவின் வரிசை. அதற்குப் பக்கத்து வரிசையில் மட்டும் புது அம்புகள் மற்றவர்களுடையதைப் போல இரண்டு மடங்கு இருந்தன. அது அம்மாவின் வரிசை. பட்டியலில் கருத்தம்மா ஏன் முதல் பெயர் என்பது அனுசுயாவுக்குப் புரிந்தது. அவள் இரண்டு பேருக்காகப் போய்க்கொண்டிருந்தாள்.

இரண்டு மாதம் இரவும் பகலும் உட்கார்ந்து தான் எழுதியதைவிட இது ஒழுங்காக இருக்கிறது என்று நினைத்தாள். அப்படி நினைப்பது சுகமாக இல்லை.

டேபிளுக்கு அடியிலிருந்து எழுந்து ஐந்து பேரையும் பார்த்தாள். "இந்த மிஷின் என்ன செய்யணும்னு நீங்க சொல்லுங்க. மாத்துறேன்."

"எங்களயா கேக்கறீங்க?" என்றாள் கமலாம்பாள்.

"ஆமாங்க்கா."

"மாட்டி நாலு வாரம் கழிச்சுங்களா?"

இரண்டு பேர் சிரித்தார்கள். அனுசுயா சிரிக்கவில்லை. "ஆமாங்க்கா. தப்புதான்."

கமலாம்பாள் பனியனைத் திருப்பிப் போட்டாள். "நீங்க நல்லதுக்குத்தான் கேக்கறீங்க. ஆனா ஒன்னுங்க. எழுதாம இருக்கற வரைக்கும் யாரும் இத வேண்டாம்னு சொல்ல முடியாது. எழுதி ஓனர்கிட்டக் குடுத்தீங்கன்னா, வேண்டாம்னு ஒரே வார்த்தைல முடிச்சுப்போடுவாரு."

"பேரு எழுதுனா ஆளு போகும்" என்றாள் கருத்தம்மா. "அதான் ஒங்கிட்டச் சொல்லல."

"பேரு ஏற்கெனவே வந்துருச்சும்மா. இனி நான் எழுதாட்டியும் அது எழுதும். இப்பக்கூட ஒனக்கு அரை ஷிப்ட வெட்டிருச்சு. எழுதாம இருக்குற காலம் முடிஞ்சுருச்சு. என்ன எழுதணும்னு மட்டுந்தான் நீங்க சொல்ல முடியும்."

தேவிப்பிரியா ஒரு பிசிறை வெட்டினாள். நிமிராமலே சொன்னாள்.

"அப்ப ஆள எழுத வேண்டாங்க. டேபிள எழுதச் சொல்லுங்க. டேபிள்ல வேல நின்னுச்சா, நடந்துச்சா? அத மட்டும் அந்த மிஷின் கேக்கட்டும்."

*

மாடிப்படிக்குக் கீழே, அட்டைப்பெட்டி அடுக்கின் மறைவில் உட்கார்ந்து அனுசுயா தரணிக்குப் போன் போட்டாள்.

"டேபிள் கணக்கா? எல்லாத்தையும் அடியிலேருந்து மாத்தணும்டி" என்றாள் தரணி.

"மாத்தலாம்."

"இன்னைக்கேவா?"

"நாலரைக்குள்ள."

"நீ சாப்பிட்டியா?"

"அப்புறம்."

வெளியே போகிறவள் முகத்தைக் காட்டினால், அவள் டேபிளில் யார் இருக்கிறார்கள் என்று திரை கேட்கும். டேபிளில் இருக்கிற இரண்டு பேர் பொறுப்பு என்று ஒப்புக்கொண்டால், அந்த டேபிளின் வேலை நிறைவு என்று பதிவாகும். ஆளுக்கு அரை ஷிப்ட் வெட்டு கிடையாது. விதிமீறல் என்று தலைப்புப் போட்ட பத்தியை அனுசுயா மொத்தமாகத் தூக்கினாள். அந்தத் தலைப்பை வைத்தவளும் அவள்தான்.

ஆனால் சிவராஜ் வாய்ப்பேச்சை நம்புகிறவர் இல்லை. தண்ணீர் நாளிலும் வேலை குறையவில்லை என்று காகிதத்தில் காட்ட வேண்டும். அந்தக் காகிதம் முனீஸிடம் இருந்தது. தினமும் எந்த டேபிளில் எத்தனை பனியன் முடிந்தது என்று அவன் எழுதிக் கையெழுத்துப் போட்ட ஃபைல்.

மூன்று மணிக்கு அவனைப் படிக்கட்டில் பிடித்தாள்.

"குடுக்க மாட்டேன்" என்றான் முனீஸ்.

"அது இல்லாம அவரு நம்ப மாட்டாரு."

"அதுல தண்ணிக்குப் போன நாள்லயும் 'ஆள் அஞ்சு, முழு நேரம்'னு எழுதியிருக்கேன். ஒவ்வொரு தாள்லயும் எங்கையெழுத்து. ஆறு வருசம் அனு. யாரு வெளிய விட்டதுன்னு கேட்டா அந்தக் கையெழுத்துதான் பதில்."

"தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டே கேக்குற."

"ஆமா. வேணாம்னா சொல்லு. அம்மா பேர மட்டும் எடுத்துட்டுப் பத்துப் பேரக் குடுத்துர்றேன். ஓனர் அதத்தான் கேட்டாரு. ஒனக்கும் வம்பு இல்ல, எனக்கும் இந்த வேல கைவிட்டுப் போகாது."

முனீஸ் அவளைப் பார்த்தான். "குடுப்பியா?"

"மாட்டேன். ஆனா ஃபைல் இல்லாம போனா பதினோரு பேரும் போவாக. அதுல அம்மா ஒருத்தி."

அவன் மேலே போய்விட்டான்.

நாலே முக்காலுக்கு லேப்டாப்பின் மேல் நிழல் விழுந்தது. தடிமனான ஃபைலை அவள் மடியில் போட்டான் முனீஸ். "நானும் வர்றேன்" என்றான். "எங்கையெழுத்துக்கு நாந்தான் பேசணும்."

*

சிவராஜ் தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவசரப்படவில்லை. தண்ணீர் நாட்களை அனுசுயா பென்சிலால் வட்டமிட்டிருந்தாள். மூன்றாம் டேபிளில் எந்த நாளும் எண்ணிக்கை குறையவில்லை. இரண்டு நாள் கூடவே இருந்தது.

"இது எத்தன வருசமா நடக்குதுங்க?"

"நான் சூப்பர்வைசர் ஆனதுல இருந்துங்க" என்றான் முனீஸ். "நான்தான் விட்டேன்."

"என்கிட்டக் கேக்கோணும்னு தோணலியா?"

"கேட்டா விட்டுருப்பீங்களா சார்?"

சிவராஜ் தாள்களை அடுக்கி வைத்தார். "என்ற ஊட்டுக்கு லாரித் தண்ணி வருது" என்றார் பொதுவாக. "இப்பிடி ஒரு சங்கதி இருக்கறது எனக்கு நெசமாத் தெரியாது. ஆனா எனக்குத் தெரியாம என்ற கேட்டு ஆறு வருசமாத் தெறந்து மூடியிருக்குது. அத நான் எப்பிடிப் பாக்கறது, சொல்லுங்க."

"கேட்டு தெறந்தது தப்புன்னா, தெறக்காம இருந்திருந்தா ஒங்களுக்கு இந்த எண்ணிக்க வந்திருக்காதுங்க" என்றாள் அனுசுயா. "நான் இன்னைக்குப் பேரு குடுக்கப் போறதில்ல. புது முறை மிஷின்ல ஏறியிருக்கு. டேபிள் கணக்கு. பையர் ஆளு வந்தாலும் மறைக்காம காட்டலாம். வேண்டாம்னா மிஷினையே கழட்டிக்கிறேன். பத்துப் பேரு பட்டியல் எங்கிட்ட இல்லீங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மேஜையிலிருந்த செல்போனை எடுத்து ஏதோ பார்த்தார். விரலால் தேய்த்தார். திரும்ப வைத்தார்.

"பதினோரு பேரும் இருக்கட்டுங்க. உங்க டேபிள் கணக்கையும் பாக்கலாம். முனீஸ் மட்டும் நாளைலருந்து ரெண்டு நாள் லீவு எடுத்துக்கட்டும். ஆடிட் முடியட்டும், அப்பறம் பேசிக்கலாம்."

முனீஸ் தலையை ஆட்டினான். வெளியே வந்ததும், "நான் நெனச்சதுக்கு இது தேவல" என்றான். அனுசுயாவுக்கும் அப்படித்தான் தோன்றியது. காலையிலிருந்து சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

*

ஐந்தரைக்கு ஷிப்ட் விட்டது. கேட்டில் வரிசை. சேதி எப்படியோ அதற்குள் எல்லா டேபிளுக்கும் போயிருந்தது.

"ரெண்டு நாள் லீவாமே" என்றாள் கருத்தம்மா மகனிடம். "சும்மா கெடக்காத. டிரம்ம வெளக்கி வையி."

"அடுத்த தண்ணிக்கு இன்னும் ஒம்பது நாள் கெடக்கும்மா."

"இன்னைக்குத் தண்ணி எடுத்தவளுக்கு அது தெரியாதா? பழைய டிரம்மச் சொன்னேன்."

கமலாம்பாள் சிரித்தாள். முனீஸும் சிரித்துக்கொண்டே மிஷினுக்கு முன்னால் போய் நின்றான்.

மிஷின் தேங்க் யூ சொல்லவில்லை.

முனீஸ் தொப்பியைக் கழற்றிவிட்டு மறுபடியும் முகத்தைக் காட்டினான். திரையில் சிவப்பு எழுத்து வந்தது. *பதிவில் இல்லாதவர்.*

வாட்ச்மேன் எழுந்து வந்து திரையைத் துணியால் துடைத்தார். முனீஸ் மூன்றாவது முறை நின்றான். *பதிவில் இல்லாதவர்.*

மிஷினில் கோளாறு இல்லை என்பது அங்கே அனுசுயா ஒருத்திக்குத்தான் தெரிந்தது. பெயரை நீக்கும் பட்டன் ஒரே ஒரு செல்போனில்தான் இருந்தது. காலையிலிருந்து அவ்வளவையும் மாற்றியவள், அதைத் தொடவில்லை. லீவில் போகிறவன் பெயரை யாரும் நீக்க மாட்டார்கள்.

அவள் அண்ணாந்து மாடி ஜன்னலைப் பார்த்தாள். சிவராஜின் அறையில் விளக்கு எரிந்தது.

"என்னத்தா ஆச்சு?" என்றாள் கருத்தம்மா.

"அண்ணன் பேர எடுத்துட்டாரும்மா. மொத்தமா."

கருத்தம்மா மிஷினைப் பார்த்தாள். அடுத்தது அவள் முறை. அவள் சாப்பாட்டுப் பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். முகத்தைக் காட்டவில்லை. சுவர் ஓரமாக நகர்ந்து நின்றாள்.

அவளுக்குப் பின்னால் இருந்த கமலாம்பாள் அவள் பக்கத்தில் போய் நின்றாள். தேவிப்பிரியா இடுப்பைப் பிடித்துக்கொண்டு வாட்ச்மேனின் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஐந்தாம் டேபிள் ஆட்கள் எதுவும் கேட்காமல் வரிசையை விட்டு விலகினார்கள். பின்னாலிருந்து யாரோ, வரிசை ஏன் நிற்கிறது என்று கேட்டார்கள். யாரோ மெதுவாகச் சொன்னார்கள்.

திரை பச்சைக்கு மாறியது. *முகத்தைக் காட்டவும்* என்றது. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் கேட்டது.

நூற்று நாற்பது பேர் நின்றார்கள். யாரும் காட்டவில்லை.

மேலே விளக்கு அணைந்தது. படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது.